தங்கத் தரையில் ஒரு டாரட் சீட்டு: 15ஆம் நூற்றாண்டு மிலான் முறையில் செய்த அனுபவம்

விஸ்கொந்தி-ஸ்ஃபோர்சா டாரட் (படத் துருப்புகள் உள்ள பழைய இத்தாலியச் சீட்டுக் கட்டு) கட்டிலிருந்து ஒரு சீட்டை அதே அளவில், முடிந்தவரை அதே பொருட்களை வைத்து, நிஜத் தங்க ரேக்கு (மிக மெல்லியதாக அடித்த தங்கத் தாள்) ஒட்டிக் கையாலேயே செய்து முடித்திருக்கிறேன். இதைப் பற்றித் தமிழில் தேடினால் வருவதெல்லாம் ஜோசியம்தான். அட்டை எப்படி ஒட்டினார்கள், தங்கம் எப்படி நின்றது என்று யாரும் எழுதியதாகக் கண்ணில் படவில்லை. அதனால் செய்தபடியே எழுதி வைக்கிறேன், வேறு யாராவது முயன்றால் உதவும்.

முதலில் எந்தக் கட்டு என்று சொல்லிவிடுகிறேன். இது 1450க்குப் பிறகு மிலானை ஆண்ட பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சா, அவர் மனைவி பியாங்கா மரியா விஸ்கொந்தி குடும்பத்துக்காகச் செய்யப்பட்டது. பெரும்பாலான சீட்டுகளை வரைந்தவர் கிரெமோனாவைச் சேர்ந்த பொனிஃபாசியோ பெம்போ என்பதுதான் பரவலான கருத்து. முழுக் கட்டு என்றால் 78 சீட்டு; அதில் 74 மிஞ்சியிருக்கின்றன. 35 நியூயார்க்கில் மார்கன் நூலகத்தில், 26 இத்தாலியின் பெர்காமோவில் அக்காதெமியா கர்ராராவில், மீதி 13 அதே ஊரில் ஒரு தனியார் குடும்பத்திடம். காணாமல் போனவை நான்கு: பிசாசு, கோபுரம், வாள் மூன்று, நாணய இனத்தின் குதிரைவீரன். ஒவ்வொரு சீட்டும் ஏறக்குறைய 17.5 சென்டிமீட்டர் உயரம், 8.7 சென்டிமீட்டர் அகலம், அதாவது நாம் விளையாடும் சீட்டைப் போல நீளத்தில் இரண்டு மடங்கு. இந்த அளவை ஒரு காகிதத்தில் வெட்டிக் கையில் பிடித்துப் பாருங்கள், கடைகளில் கிடைக்கும் மறுபதிப்புகள் பலவும் இதைச் சுருக்கி அச்சிடுவதால் எவ்வளவு இழக்கிறோம் என்பது உடனே புரியும்.

வேலைக்கு இறங்கும் முன் கொஞ்சம் வரலாறு, ஏனென்றால் எந்தப் பொருளை எதற்காகச் செய்தார்கள் என்று தெரியாமல் நகல் எடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. சீட்டாட்டம் ஐரோப்பாவுக்கு 1370களில் வந்து சேர்ந்தது. 1377இலேயே ஃப்ளாரன்ஸ் நகரம் அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டுவிட்டது. வந்த வழி இஸ்லாமிய உலகம். இஸ்தான்புல் தொப்கபி அரண்மனையில் இருக்கும் மம்லூக் (எகிப்தை ஆண்ட அரசமரபு) காலத்துச் சீட்டுகளில் கோப்பை, நாணயம், வாள், போலோ மட்டை என்று நான்கு இனங்கள் உண்டு. போலோ தெரியாத இத்தாலியர் கையில் மட்டை வெறும் தடியாக மாறியது, மற்ற மூன்றும் அப்படியே தங்கிவிட்டன. இத்தாலியர் சேர்த்த புதுமை இந்த நான்கு இனங்களுக்கும் மேலே ஐந்தாவதாக ஒரு துருப்பு வரிசையை வைத்ததுதான்: பேரரசன், போப்பாண்டவர், காதல், தேர், சாவு, உலகம் என்று ஒன்றை ஒன்று வெல்லும் படங்கள். பின்னாளில் நிலைத்த கணக்கில் கோமாளியையும் சேர்த்து 22. இனத்துக்கு 14 வீதம் 56, அதோடு இந்த 22, ஆக 78.

இந்தத் துருப்புச் சீட்டுகளைப் பற்றிக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று 1440 செப்டம்பர் மாதத்தது. ஜியுஸ்தோ ஜியுஸ்தி என்ற நோட்டரி, ஃப்ளாரன்ஸில் ஒரு கட்டு செய்வித்து ரிமினியின் சிகிஸ்மொந்தோ மலத்தெஸ்தாவுக்குக் கொடுத்ததைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். செலவு நாலரை ஃப்ளோரின், அதாவது ஃப்ளாரன்ஸின் தங்க நாணயம். 1442இல் ஃபெராரா அரண்மனைக் கணக்கில் ஓர் ஓவியருக்கு நான்கு கட்டுகளுக்காகப் பணம் கொடுத்த பதிவு இருக்கிறது. அதற்கும் முன்பே பியாங்கா மரியாவின் அப்பா ஃபிலிப்போ மரியா விஸ்கொந்தி, கிரேக்க ரோமக் கடவுளர் படங்களோடு ஒரு தனிக் கட்டை மிக்கெலினோ தா பெசோசோ என்ற ஓவியரிடம் வரையச் சொன்னார்; அதற்கு 1500 தங்க நாணயம் செலவழித்ததாக ஃபிலிப்போவின் வாழ்க்கையை எழுதியவர் சொல்கிறார். அந்தக் கட்டு இன்று இல்லை. நாலரைக்கும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் நடுவே உள்ள தூரத்தை மனதில் வையுங்கள், ஒரே வகை விளையாட்டுதான். இந்தப் படங்களை வைத்து எதிர்காலம் சொல்வது அச்சில் பரவியது 1780களில், பாரிஸில், குர் தெ ஜெபலாங் என்பவர் இவை எகிப்தின் ரகசிய ஞானம் என்று எழுதிய பிறகு. அதுவரை மூன்று நூற்றாண்டுக்கு மேல் இது சீட்டாட்டம், பிடி எடுத்துப் புள்ளி எண்ணும் ஆட்டம்.

சரி, எந்தச் சீட்டு? நான் எடுத்துக்கொண்டது பெண் போப்பாண்டவர். காரணம் இரண்டு. ஒன்று, அவள் உடுத்தியிருப்பது துறவியரின் சாதாரணப் பழுப்பு அங்கி, அதனால் வண்ணத்தைவிடத் தங்கத்துக்கு அதிகக் கவனம் கொடுக்கலாம். இன்னொன்று, அவள் கதை எனக்குப் பிடிக்கும். தலையில் மூன்றடுக்குக் கிரீடம், ஒரு கையில் சிலுவைக் கோல், மற்றொன்றில் மூடிய புத்தகம். 13ஆம் நூற்றாண்டு மிலானில் குலியெல்மா என்ற பெண்ணைப் பின்பற்றிய ஒரு கூட்டம் இருந்தது. அவர்கள் தங்களில் ஒருத்தியான மாயிஃப்ரேதா தா பிரொவானோ என்ற கன்னியாஸ்திரீயே போப்பாண்டவராக வருவாள் என்று நம்பினார்கள். 1300இல் திருச்சபை விசாரணை அவளை எரித்தது. அவள் விஸ்கொந்தி குடும்பத்துக்கு உறவு. சீட்டில் இருப்பது அவள்தான் என்று 20ஆம் நூற்றாண்டில் ஓர் ஆய்வாளர் சொன்னார், எல்லோரும் ஏற்கவில்லை, திருச்சபையையோ விசுவாசத்தையோ பெண்ணுருவில் காட்டும் வழக்கம் அப்போது இருந்ததால் அதுவே போதுமான விளக்கம் என்பவர்களும் உண்டு. எனக்கு அந்த எளிய அங்கியைப் பார்க்கும்போது முதல் விளக்கத்தின் மேல்தான் சாய்வு.

அட்டையிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் காலத்தில் கந்தல் துணியிலிருந்து செய்த காகிதத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அழுத்தித்தான் சீட்டுக்கு அட்டை செய்தார்கள். நான் பருத்தியில் கையால் செய்த காகிதத்தை எடுத்துக்கொண்டேன். பசைக்கு மைதா காய்ச்சித் துத்தம் கலப்பது நம் ஊர் பைண்டிங் கடை வழக்கம், பூச்சி வராது. ஆனால் துத்தம் நாளடைவில் காகிதத்தை அரிக்கும், அதனால் அதை விட்டுவிட்டு வெறும் கோதுமை ஸ்டார்ச்சைக் காய்ச்சி வடிகட்டிப் பயன்படுத்தினேன். பசை மெல்லியதாக இருக்க வேண்டும், தாளின் ஓரம் வரை போக வேண்டும், ஒட்டிய உடனே இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துப் பாரம் ஏற்றிவிட வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் அட்டை படகு போல வளைந்துவிடும். உறிஞ்சும் தாளை மாற்றி மாற்றி வைத்து நிழலிலேயே காயவிட்டால் நேராக வரும். கடைசியில் கிடைத்த அட்டை விறைப்பாக, நகத்தால் தட்டினால் மரம் மாதிரி ஓசை தருவதாக இருந்தது.

அடுத்தது ஜெஸ்ஸோ, அதாவது வெள்ளை அடித்தளம். இங்கே எனக்கு வழிகாட்டி சென்னினோ சென்னினி. 1400ஐ ஒட்டி ஓவியர் பட்டறையில் நடக்கும் ஒவ்வொரு வேலையையும் பொறுமையாக எழுதி வைத்துவிட்டுப் போன ஓவியர் அவர், அவர் இல்லையென்றால் இந்தத் தொழிலில் பாதி இருட்டு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை நிறையத் தண்ணீரில் கரைத்து ஒரு மாதம் தினமும் கிளறச் சொல்கிறார். அப்படிக் கிளறினால் அது இறுகும் குணத்தை இழந்து பட்டுப் போன்ற மாவாகிவிடுகிறது. இதை ஆட்டுத்தோலில் காய்ச்சிய பசையோடு கலக்கச் சொல்கிறார், நான் போட்டது தச்சர்கள் மரத்துக்குப் போடும் வஜ்ஜிரப் பசையின் சுத்தமான வகை. இளஞ்சூட்டில் கலக்க வேண்டும், கொதித்தால் பசையின் வலு போய்விடும், குமிழியும் வரும். மரப் பலகைக்கு எட்டுப் பூச்சு கொடுக்கலாம், சீட்டுக்கு அது ஆகாது. அட்டை கொஞ்சம் வளையும் பொருள், தடித்த ஜெஸ்ஸோ வெடிக்கும். மெல்லிய பூச்சாகக் கொடுத்து, காய்ந்தபின் ஈரத் துணியால் தேய்த்துச் சமன் செய்தேன். இரண்டு பக்கமும் பூசினால்தான் அட்டை ஒரு பக்கமாக இழுக்காது.

அதன்மேல் உருவத்தை வரைந்து, தங்கமும் வண்ணமும் சந்திக்கும் கோட்டை மட்டும் ஊசியால் லேசாகக் கீறிவிட்டேன். தங்கம் ஒட்டிய பிறகு பென்சில் கோடு மறைந்துவிடும், கீறல் மட்டும் நிழலாகத் தெரியும், அதை வைத்துத்தான் அங்கியின் விளிம்பைப் பிடிக்க வேண்டும்.

பிறகு செங்களி. மிக நுண்ணிய சிவப்புக் களிமண், ஆர்மீனியக் களி என்று கடைகளில் சொல்வார்கள், அதை முட்டையின் வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து வடித்த நீரில் குழைத்து மெல்ல மெல்லப் பூச வேண்டும். இந்தச் சிவப்புதான் மேலே வரும் தங்கத்துக்குச் சூடான நிறம் தருகிறது. அதோடு, அழுத்தித் தேய்க்கும்போது விட்டுக்கொடுக்கும் மெத்தையும் இதுவே. காய்ந்தபின் பழைய வேட்டித் துணியால் தேய்த்தால் தோல் மாதிரி மினுங்கும்.

தங்க ரேக்கு பற்றி ஒரு விஷயம், தஞ்சாவூர் ஓவியம் செய்பவர்கள் இதைப் படித்தால் குழம்பக்கூடும் என்பதால். தஞ்சாவூர்ப் படத்துக்கு மக்கு வைத்து மேடாக்கிய இடத்தில் ஒட்டும் தடித்த தகடு வேறு. இங்கே வேண்டியது தனி ரேக்கு, மூச்சு பட்டால் பறக்கும் மெல்லிசு. இன்று விற்பது ஒரு மைக்ரானில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தடிமன்தான். சென்னினி ஒரு டுக்காட் தங்க நாணயத்திலிருந்து 145 ரேக்கு அடிப்பவர்களிடம் வாங்காதே, 100 மட்டும் அடிக்கச் சொல், சமதளத்துக்குத் தங்கம் மங்கலாகத் தடித்திருப்பதே நல்லது என்கிறார். டுக்காட் மூன்றரை கிராம், கணக்குப் போட்டால் அவர் காலத்து ரேக்கு நம்முடையதைவிடத் தடிமன். இதை ஈடுகட்ட நான் முழுப் பரப்புக்கும் இரண்டாவது அடுக்கு ஒட்டினேன்.

இன்றைய ரேக்கு 8 சென்டிமீட்டர் சதுரம், சீட்டு 8.7 அகலம். அந்த ஏழு மில்லிமீட்டருக்காக ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கீற்று வெட்ட வேண்டியிருந்தது. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, தோல் மெத்தையில் ரேக்கை விரித்துக் கத்தியால் வெட்டி, அணில் மயிர்த் தூரிகையைக் கன்னத்தில் ஒருமுறை தடவி எடுத்தால் அந்த எண்ணெய்ப் பசையே ரேக்கைத் தூக்கப் போதும். களியின் மேல் தண்ணீரும் சொட்டுச் சாராயமும் கலந்து நனைத்தால் ரேக்கு கிட்டே போகும்போதே தாவிப் பிடித்துக்கொள்கிறது. அந்தத் தாவலைப் பார்ப்பதற்காகவே இந்த வேலையை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்வேன்.

மெருகேற்றுவதற்கு நேரம் பார்க்க வேண்டும். ஈரமாக இருந்தால் தங்கம் கிழியும், முழுக்கக் காய்ந்தால் பளபளப்பு வராது. அகேட் கல்லால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். மந்தமான ஓசை என்றால் காத்திருக்க வேண்டும், கணீரென்றால் தொடங்கலாம். கடலோரக் காற்றின் ஈரத்தில் இந்த நேரம் நீளமாகக் கிடைக்கிறது, அது ஒரு வசதி. சென்னினி காலத்தில் கல்லோடு நாய், ஓநாய், பூனை போன்ற விலங்குகளின் பல்லையும் பயன்படுத்தினார்கள். முதலில் கல்லின் எடை மட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம். தேய்க்கத் தேய்க்கத் தங்கம் கருக்கிறது. ஆம், கருக்கிறது: நன்றாக மெருகேறிய தங்கம் கண்ணாடி, எதிரே இருட்டு இருந்தால் அதுவும் இருட்டாகத் தெரியும்.

இந்தக் கட்டின் கலையே இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மெருகேற்றிய பரப்பை அப்படியே விடவில்லை அவர்கள். ராஜா, ராணி போன்ற அரசவைச் சீட்டுகளிலும் துருப்புகளிலும் பின்னணி முழுக்கச் சாய்சதுர வலை கீறி, புள்ளிகளும் சிறு வடிவங்களும் குத்திப் பதித்திருக்கிறார்கள். எண் சீட்டுகளுக்கு இந்தத் தங்கத் தரை கிடையாது, வெளிர்நிறத்தில் கொடிப்பூ மட்டும். நான் இரும்பு ஆணிகளின் நுனியை அராவி, எண்ணெய்க் கல்லில் வழவழப்பாக்கி ஓர் உருண்டை முனை, ஒரு வளைய முனை செய்துகொண்டேன். வலைக் கோட்டை எலும்பு ஊசியால் அளவுகோல் வைத்து இழுத்தேன். குத்தும்போது சுத்தி வேண்டாம், கையின் அழுத்தம் போதும், மெருகேற்றிய அதே நாளில் ஜெஸ்ஸோவில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். மறுநாளுக்குத் தள்ளினால் புள்ளியைச் சுற்றி நுண்ணிய வெடிப்பு வரும்.

குத்திய ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டிக் கிண்ணம். சீட்டை எப்படிச் சாய்த்தாலும் ஏதோ ஒரு பக்கச் சரிவு வெளிச்சத்தைப் பிடித்துக் கண்ணுக்கு அனுப்புகிறது. மின்விளக்கை அணைத்து அகல் விளக்கின் முன்னால் வைத்துப் பார்த்தேன், சமதளம் கருஞ்சிவப்பாக இறங்கிப் போக, வலையும் புள்ளிகளும் மட்டும் எரிகின்றன, சுடர் அசைந்தால் அவையும் ஓடுகின்றன. நடுவில் உட்கார்ந்திருக்கும் பெண் அசையாமல் இருக்கிறாள், அவளைச் சுற்றி எல்லாம் அசைகிறது. ஸ்கேனரில் வைத்தால் இதில் எதுவுமே வராது, மஞ்சள் பழுப்பாகத் தட்டையாக ஒரு பரப்பு வரும், நாம் புத்தகத்திலும் திரையிலும் பார்த்துப் பழகியது அதைத்தான். இவை மெழுகுவத்தி வெளிச்சத்தில், கையில் பிடித்துச் சாய்த்துப் பார்க்கச் செய்தவை. இதை நான் படித்துத்தான் வைத்திருந்தேன், ஆனால் சொந்தக் கையால் குத்திய புள்ளி விளக்கில் எரிவதைப் பார்த்தபோதுதான் நம்பினேன்.

இதே குடும்பத்தின் இன்னொரு கட்டு அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கே நூலகத்தில் இருக்கிறது, 67 சீட்டு மிஞ்சியது. அதில் நாணய இனத்துச் சீட்டுகளில் இருப்பவை ஃபிலிப்போ மரியா அடித்த நிஜத் தங்கக் காசின் அச்சுப் பதிவுகள். ஆட்டக்காரன் கையில் அவன் பிரபுவின் நாணயமே சீட்டாக வருகிறது. அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கிறது, என்றாவது அப்படி ஓர் அச்சு வெட்டி முயல வேண்டும்.

வண்ணம் முட்டை டெம்பரா. மஞ்சள் கருவின் சவ்வைக் கிள்ளி உள்ளிருப்பதை மட்டும் வடித்து, தண்ணீர் கலந்து, பொடியோடு குழைப்பது. முகத்துக்கு அடியில் பச்சை மண் பூசி அதன்மேல் வெளிர்சிவப்பைக் கோடு கோடாக ஏற்றுவது அன்றைய இத்தாலிய வழக்கம், அந்தப் பச்சை லேசாக எட்டிப் பார்ப்பதால்தான் தோலுக்கு உயிர் வருகிறது. சென்னினி நகரத்துக் கோழி முட்டையின் கரு வெளிறியிருக்கும், இளம் முகத்துக்கு அது ஏற்றது, நாட்டுப்புறக் கோழியின் சிவந்த கரு வயதானவர் முகத்துக்கு என்று சொல்லும் அளவுக்குப் போகிறார். ஈய வெள்ளையும் பாதரசச் சிவப்பும் நஞ்சு, வீட்டில் வேண்டவே வேண்டாம். டைட்டானியம் வெள்ளையும் சிவப்புக் காவியும் போட்டேன். அங்கிக்குக் கருங்காவி. மெருகேற்றிய தங்கத்தின் மேல் டெம்பரா எளிதில் பிடிக்காது, அதனால் விளிம்பில் ஒரு மயிரிழை அளவே மேலே ஏறவிட்டேன்.

முடிந்த சீட்டை எடுத்துக்கொண்டு ஒரு கேள்விக்கு வருகிறேன்: இதை வைத்து நிஜமாகவே விளையாடினார்களா? நான் செய்த சீட்டைக் கலைக்க முடியாது, விசிறியாகப் பிடிக்கலாம், ஆனால் பதினைந்து இருபது சீட்டு ஒரு கையில் நிற்காது. மூலச் சீட்டுகளின் மேல் விளிம்பில் ஆணி அடித்த துளைகள் இருக்கின்றன, ஏதோ ஒரு காலத்தில் அவற்றைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். துருப்புகளில் எண்ணோ பெயரோ எழுதப்படவில்லை, அதனால் எது எதை வெல்லும் என்பது பார்ப்பவர் மனப்பாடம். பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சா 1450 டிசம்பரில் கிரெமோனாவில் இருந்த தன் பொருளாளருக்கு, கிடைப்பதிலேயே அழகான துருப்புக் கட்டு இரண்டு அனுப்பு, அது இல்லையென்றால் சாதாரணச் சீட்டாவது அனுப்பு என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தில் தெரிவது ஆட்ட ஆசைதான். என் கருத்து: தினசரி ஆட்டத்துக்கு மலிவான கட்டுகள் இருந்தன, இந்தத் தங்கக் கட்டு விருந்தாளி வரும்போது மேசையில் வைத்து ஒவ்வொன்றாகக் கை மாற்றிப் பார்ப்பதற்கும், எப்போதாவது மெதுவாக ஒரு ஆட்டம் போடுவதற்கும்.

இன்னொன்றும் கவனித்தேன். கட்டில் ஆறு துருப்புகள் (வலிமை, நிதானம், நட்சத்திரம், நிலா, சூரியன், உலகம்) வேறு ஓவியர் பின்னால் வரைந்தவை. வேலை செய்வதற்கு முன் இது எனக்கு ஒரு தகவல் மட்டும். இப்போது படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது முகத்தின் கோடு, துணி மடிப்பின் கனம், நிலாவும் நட்சத்திரமும் ஏந்தி மலை விளிம்பில் நிற்கும் பெண்களின் நிற்கும் விதம் எல்லாம் வேறு கை என்று கண் தானாகப் பிரித்துவிடுகிறது. பெம்போவின் உருவங்கள் நீண்டு, எடையில்லாமல், தங்கத்தில் மிதக்கின்றன. இவை காலைத் தரையில் ஊன்றி நிற்கின்றன.

முயல விரும்புகிறவர்களுக்கு: தங்கத் தரை உள்ள சீட்டில் தொடங்காதீர்கள். கோப்பை இனத்தில் குறைந்த எண் சீட்டு ஒன்றை எடுங்கள், அதில் அட்டை ஒட்டுவதும் ஜெஸ்ஸோவும் கைக்குப் பழகிவிடும், தங்கம் சின்னச் சின்ன இடத்தில் மட்டும் வரும், ஒரு ரேக்கிலேயே முடிந்துவிடும். மேலே வார்னிஷ் எதுவும் பூச வேண்டாம், மெருகேற்றிய தங்கம் மங்கிவிடும். வைப்பதற்கு அமிலமில்லாத தாளில் சுற்றி, சமமான இரு அட்டைக்கு நடுவில், சிலிக்கா ஜெல் பையோடு பெட்டியில் போடுங்கள். நான் அடுத்து எடுத்திருப்பது கையில் மணற்கடிகை ஏந்திய கிழவர், பிற்காலக் கட்டுகளில் விளக்கேந்திய துறவியாக மாறியவர். அவருக்கான அட்டை இப்போது பாரத்துக்கு அடியில் காய்ந்துகொண்டிருக்கிறது.